விடியும்வரை ஈரம் தெரியாமல்

1961ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி. அமெரிக்காவின் கேப் கேனவரல் ஏவுதளத்தில் ஆலன் ஷெப்பர்ட் என்ற 37 வயதுக் கடற்படை விமானி, விடிவதற்கு முன்பே விண்கலத்துக்குள் ஏறிப் படுத்துவிட்டார். பயணம் மொத்தமே 15 நிமிடம்தான். ஆனால் மேகம் மறைத்தது, கருவி பழுதானது, கணினியைச் சோதிக்க வேண்டியிருந்தது. புறப்பாடு தள்ளிக்கொண்டே போனது. நான்கு மணி நேரத்துக்கு மேல் மல்லாந்து கிடந்தவருக்குச் சிறுநீர் முட்டியது. கால் மணி நேரப் பயணம்தானே என்று அதற்கான எந்த ஏற்பாட்டையும் பொறியாளர்கள் செய்து வைத்திருக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே வரவும் வழியில்லை. கடைசியில், அவர் உடலில் ஒட்டியிருந்த மருத்துவ உணர்விகளின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உடைக்குள்ளேயே கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே போட்டிருந்த பருத்தி உடை அதை உறிஞ்சியது. உடைக்குள் ஓடிய ஆக்சிஜனில் அது மெல்லக் காய்ந்தது. அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர் நனைந்த உடையோடுதான் வானத்துக்குப் போனார்.

அதே ஆண்டின் இறுதியில் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா என்ற ஊரில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், குழந்தைகளுக்கான ‘பேம்பர்ஸ்’ டயப்பரைக் கடைகளில் வைத்துச் சோதித்துப் பார்த்தது. அதே ஆண்டில் ஜப்பானில் கட்டடப் பலகைகள் செய்யும் ஒரு சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் ‘யூனிசார்ம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, பெரியவர்களுக்கான டயப்பரை அந்த நாட்டில் வீட்டுப் பொருளாக்கியது அந்த நிறுவனம்தான்.

விண்வெளிக்கு மனிதனை அனுப்பத் தெரிந்த நாட்டில், குழந்தைக்கு டயப்பர் செய்யத் தெரிந்த ஆண்டில், வளர்ந்த ஒருவர் நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்க ஓர் உள்ளாடை இருக்கவில்லை. தொழில்நுட்பம் எட்டாத தூரத்தில் இருந்ததாகச் சொல்ல முடியாது. ‘பெரியவர்களுக்கு இப்படி ஒரு தேவை உண்டு’ என்று வாய்விட்டுச் சொல்ல யாரும் முன்வரவில்லை. பெரியவர் டயப்பரின் வரலாறு முழுக்க இந்த மௌனம் ஓடுகிறது.

பழைய வைத்தியமும் பழைய தண்டனையும்

படுக்கையில் சிறுநீர் போவது மனிதர்களோடு கூடவே வந்த தொல்லை. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடியிலேயே இதற்கு மருந்து இருக்கிறது. 1545இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் ஃபேயர் குழந்தை நோய்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கென்று ஒரு பகுதியே ஒதுக்கினார். சேவலின் தொண்டைக்குழாயைக் காய வைத்துப் பொடியாக்கிக் கொடுப்பது போன்ற வைத்தியங்கள் அதில் உண்டு. மருந்து பலிக்காத இடத்தில் பிரம்பு வந்தது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், எட்டு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்ந்த புதிதில் படுக்கையை நனைத்ததற்காக அடி வாங்கியதைத் தன் கட்டுரை ஒன்றில் எழுதியிருக்கிறார். தூக்கத்தில், தன்னை அறியாமல் நடந்த ஒன்றுக்கு அடி விழுந்தது. அந்தக் காயம் அவரை விட்டுப் போகவேயில்லை.

1904இல் ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் மைன்ஹார்ட் ஃபௌண்ட்லர் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார். படுக்கை நனைந்ததும் செவிலியருக்குத் தெரியட்டும் என்று மணி அடிக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தார். நாளடைவில் மணி அடிக்க வேண்டிய தேவையே குறைந்தது. மணியோசைக்கு விழித்து விழித்து, பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு தானாக வந்துவிட்டது. 1938இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதி இந்த முறையை ஒழுங்கான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார்கள். வளரும் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கும் வழிகளில் இந்த அலாரம் இன்றும் ஒன்று.

பெரியவர்களுக்கு இந்த அளவு அக்கறைகூடக் கிடைக்கவில்லை. வீடுகளில் பழைய துணிதான். தமிழ்நாட்டு வீடுகளில் வெளுத்து மெலிந்த பருத்திச் சேலையும் வேட்டியும் நான்காக மடிக்கப்பட்டுப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் விரிப்பாயின. அதன் கீழே ரப்பர் ஷீட். அந்த ஷீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1823இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மக்கின்டாஷ், நாஃப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி நீர் புகாத துணி செய்தார். மழைக்கோட்டுக்காகச் செய்த அந்தத் துணி மருத்துவமனைக் கட்டிலுக்கும் வந்து சேர்ந்தது. நம் ஊர் நர்ஸுகள் இன்றும் அந்த விரிப்பை ‘மெக்கின்டாஷ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

ரப்பர் ஷீட் காப்பாற்றியது மெத்தையை. மேலே கிடந்த மனிதர் ஈரத்திலேயே கிடந்தார்.

அந்த ஈரத்தின் விலையைக் கணக்கிட்டுச் சொன்னவர்களில் முக்கியமானவர் பிரிட்டன் செவிலியர் டோரீன் நார்ட்டன். முதியோர் வார்டுகளில் படுக்கைப் புண் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று ஆராய்ந்து, 1962இல் சக ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து நூலாக வெளியிட்டார். அதில் பிறந்த ‘நார்ட்டன் அளவுகோல்’ ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு. கட்டுப்பாடு போனவருக்குப் புண் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை ஒரு செவிலியர் எண்களால் காட்டியபோது, ஈரம் மருத்துவப் பிரச்சினையாக ஆனது.

காகிதமும் பாராசூட்டும்

துணிக்கு மாற்று காட்டில் இருந்தது. முதல் உலகப் போரின்போது பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் மரக்கூழிலிருந்து ‘செல்லுகாட்டன்’ என்ற பஞ்சு போன்ற பொருளைச் செய்து காயக்கட்டுகளுக்குக் கொடுத்தது. பருத்தியைவிட இது பல மடங்கு உறிஞ்சுவதைக் கண்ட ராணுவச் செவிலியர்கள், அதை மாதவிடாய்க்கும் பயன்படுத்தினார்கள். அதைப் பார்த்துத்தான் போர் முடிந்த பிறகு, 1920இல், அந்த நிறுவனம் ‘கோட்டெக்ஸ்’ நாப்கினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செவிலியர்கள் கண்டுபிடித்த பயன் ஒரு தொழிலையே உண்டாக்கியது.

இரண்டாம் உலகப் போரின் பஞ்சுத் தட்டுப்பாட்டில், மரம் நிறைந்த சுவீடனில் செல்லுலோஸ் தாள்களை அடுக்கி, ரப்பர் ஜட்டிக்குள் வைக்கும் பட்டைகள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் பாராசூட் நைலான் மலிவாகக் கிடைத்தது. அதை வைத்து இரண்டு தாய்மார்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், கடலின் இரு கரைகளில் வேலையைத் தொடங்கினார்கள்.

பிரிட்டனில் ராணுவ அதிகாரியின் மனைவி வேலரி ஹன்ட்டர் கார்டன், 1947இல் மூன்றாவது குழந்தை பிறந்தபோது துணி துவைத்துத் துவைத்து அலுத்துப்போனார். பழைய பாராசூட் நைலானில் ஓர் உறை தைத்து, அதற்குள் பஞ்சும் காகிதக்கூழ்ப் பட்டையும் வைத்தார். அக்கம்பக்கத்து ராணுவக் குடும்பங்கள் கேட்கக் கேட்க, சமையலறை மேசையில் தையல் மெஷினை வைத்தே 400க்கும் மேல் தைத்துக் கொடுத்தார். 1949இல் செஸ்டர்ஃபீல்டு நகரத்தின் ராபின்சன் நிறுவனம் அதை ‘பேடி’ என்ற பெயரில் தயாரிக்க ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவில் மேரியன் டொனோவன் குளியலறைத் திரையை வெட்டித் தைப்பதில் தொடங்கி, பாராசூட் நைலானுக்கு வந்து சேர்ந்தார். ஊக்குக்குப் பதிலாக அமுக்குப் பொத்தான் வைத்தார். அவருடைய ‘போட்டர்’ உறை 1949இல் நியூயார்க்கின் பெரிய கடையான சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூவில் விற்பனைக்கு வந்தது. 1951இல் காப்புரிமை கிடைத்ததும், உரிமையை 10 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு, பயன்படுத்தித் தூக்கி எறியும் காகித டயப்பர் யோசனையோடு காகித நிறுவனங்களைச் சந்தித்தார். யாரும் காது கொடுக்கவில்லை.

அந்த யோசனையைச் சில ஆண்டுகள் கழித்துக் கையில் எடுத்தவர் பிராக்டர் அண்ட் கேம்பிளின் வேதிப் பொறியாளர் விக்டர் மில்ஸ். பேத்தியின் துணிகளைத் துவைத்துப் பார்த்துவிட்டு, இதற்கு வேறு வழி வேண்டும் என்று தன் குழுவிடம் சொன்ன தாத்தா அவர். டாலஸ் நகரத்தின் கோடையில் செய்த முதல் சோதனையில் பிளாஸ்டிக் ஜட்டிக்குள் குழந்தைகளுக்கு வேர்க்குரு வந்ததுதான் மிச்சம். திருத்தி எடுத்துக்கொண்டு பியோரியாவுக்குப் போனார்கள். தாய்மார்களுக்குப் பிடித்தது. ஆனால் ஒன்றின் விலை 10 செண்ட். கட்டுப்படியாகவில்லை என்று ஒதுக்கினார்கள். இயந்திரத்தை வேகப்படுத்தி 6 செண்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் விற்பனை சூடுபிடித்தது. தமிழ்நாட்டில் இன்று எந்த நிறுவனத்தின் டயப்பரைக் கேட்டாலும் ‘பேம்பர்ஸ்’ என்றே கேட்கும் பழக்கத்தின் தொடக்கம் அந்த ஊரில் இருக்கிறது.

மக்காச்சோள ஊரின் வெள்ளைப் பொடி

பியோரியாவில் இன்னொரு கட்டடமும் இருந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், உபரியாக விளையும் பொருள்களுக்குப் புதுப் பயன் தேடுவதற்காக அமெரிக்க வேளாண் துறை நான்கு ஆய்வகங்களை நிறுவியது. மக்காச்சோள வட்டாரத்துக்கான ஆய்வகம் பியோரியாவுக்கு வந்தது. போர்க்காலத்தில் பென்சிலினைப் பெருமளவில் தயாரிக்கும் வழி கண்டதும் இதே ஆய்வகம்தான். அதற்கு உதவிய பூஞ்சைகளில் ஒன்று, 1943இல் அந்த ஊர்ச் சந்தையில் கிடைத்த அழுகிய முலாம்பழத்திலிருந்து எடுக்கப்பட்டது.

1960களிலும் 70களிலும் இங்கே மக்காச்சோள மாவுச்சத்தோடு அக்ரிலோநைட்ரைல் என்ற வேதிப்பொருளை இணைத்துப் பார்த்தார்கள். கிடைத்த பொருள், தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு தண்ணீரைக் குடித்துவிட்டு அல்வா போலக் கெட்டியாக நின்றது. பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வந்துவிடும். இதை அழுத்தினாலும் விடவில்லை. ஆய்வாளர்கள் செல்லமாக ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ என்று பெயர் வைத்தார்கள். வறண்ட மண்ணில் ஈரம் காக்கவும், விதைக்கு மேல்பூச்சாகவும் இதைப் பயன்படுத்தலாம் என்பதே அவர்களின் முதல் எண்ணம். ஏறக்குறைய இதே காலத்தில் டவ் கெமிக்கல், ஜான்சன் அண்ட் ஜான்சன் ஆகிய நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தனித்தனியே, இப்படிப்பட்ட பொருளை டயப்பருக்குள் வைக்கும் யோசனைக்கு 1972இல் காப்புரிமை பெற்றார்கள்.

யோசனை அமெரிக்காவில் பிறந்தாலும், அதை ஆலையில் பொருளாக்கிக் காட்டியது ஜப்பான். 1978இல் சான்யோ கெமிக்கல் நிறுவனம் இந்த உறிஞ்சும் பொடியை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் நாப்கினுக்குள் போன பொடி, 1980களில் டயப்பருக்குள் வந்தது. பின்னர் மாவுச்சத்து விடைபெற்று, சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற முழுச் செயற்கைப் பொருள் நிலைத்தது.

ஒரு டயப்பரைக் கிழித்து உதறினால் கொட்டும் வெள்ளைக் குருணை அதுதான். உள்ளே நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சுருண்டு கிடக்கின்றன. ஈரம் பட்டதும் சங்கிலியிலுள்ள எதிர்மின்னூட்டங்கள் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன, சங்கிலி விரிகிறது, தண்ணீர் உள்ளே புகுகிறது. சங்கிலிகளுக்கு இடையே உள்ள குறுக்குப் பிணைப்பு அது கரைந்து ஓடாமல் பிடித்து வைக்கிறது. சிறுநீரில் உப்பு இருப்பதால் இந்த உறிஞ்சும் திறன் வெகுவாகக் குறையும். காய்ச்சி வடித்த நீரை நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும் பொடி, சிறுநீரைச் சுமார் 30 மடங்குதான் குடிக்கும். அதுவே போதும். ஒரு முழு மூத்திரப்பையின் அளவை ஒரு சில ஸ்பூன் பொடி குடித்துவிடும்.

மரக்கூழ்ப் பஞ்சுக்கு இல்லாத ஒரு குணம் இந்தப் பொடிக்கு உண்டு. உள்வாங்கியதைத் திருப்பித் தராது. ஈரப் பஞ்சின் மேல் 60 கிலோ மனிதர் புரண்டு படுத்தால் பஞ்சு பிழிந்து தோல் நனையும். கூழாகிக் கெட்டித்த பொடியில் அது பெரிதும் தவிர்க்கப்படுகிறது. பெரியவர் ஒருவர் ஒரே உள்ளாடையோடு விடியும்வரை தூங்க முடிந்தது இதற்குப் பிறகுதான்.

பேச வந்த நடிகையும் இடையில் நின்ற பிள்ளைகளும்

1970களின் பிரிட்டனில் ‘கங்கா’ என்ற பெயரில் ஓர் உள்ளாடை வந்தது. கங்காருவின் வயிற்றுப்பை போல, துணிக்கு வெளியே ஒரு பையும் அதற்குள் பட்டையும் இருந்தன. உடலில் படும் துணி நீரை உள்ளே விட்டுவிட்டுத் தான் உலர்ந்துவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பெரிய அளவு டயப்பர்கள் மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் வீட்டில் இருக்கும் ஒருவர் கடைக்குப் போய்த் தனக்கென்று கேட்டு வாங்குவது நினைத்துப் பார்க்க முடியாததாகவே இருந்தது.

1980களில் கிம்பர்லி-கிளார்க் ‘டிபெண்ட்’ என்ற பெயரில் அதைச் சாதாரணக் கடை அலமாரிக்குக் கொண்டுவந்தது. விளம்பரத்துக்கு வந்தவர் ஜூன் அல்லிசன். 1940களில் பக்கத்து வீட்டுப் பெண் போன்ற வேடங்களால் அமெரிக்கா முழுவதும் அன்பைச் சம்பாதித்த நடிகை. அறுபது வயதைக் கடந்த அவர் தொலைக்காட்சியில் தோன்றி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அமைதியாகப் பேசினார். ஒரு காலத்து நாயகி இந்த விஷயத்தைத் தன் வாயால் சொன்னது, வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த பலருக்குக் கதவைத் திறந்தது.

நாசாவும் ஷெப்பர்டின் பாடத்தை அப்போதுதான் முழுமையாகக் கற்றது. ஆண் வீரர்களுக்குக் குழாய் இணைத்த பை இருந்தது. 1983இல் சாலி ரைடு என்ற வீராங்கனை விண்வெளிக்குப் போன காலகட்டத்தில், பெண்களுக்கு அது பொருந்தாது என்பதால் உறிஞ்சும் உள்ளாடை ஒன்றை வடிவமைத்தார்கள். அதன் வழிவந்த உடையில் சோடியம் பாலிஅக்ரிலேட் சேர்ந்தது. இரண்டு லிட்டர் வரை தாங்கும் அந்த உடையை ஆண்களும் அணியத் தொடங்கினார்கள். விண்கலத்துக்கு வெளியே மிதந்து வேலை செய்வது ஆறேழு மணி நேரம் நீளும், ஏறக்குறைய ஓர் இரவுத் தூக்கத்தின் அளவு.

குழந்தைக்கு வந்தது, முதியவருக்கு வந்தது, வீரருக்கும் வந்தது. நடுவில் நின்றவர்கள் பதின்வயதுப் பிள்ளைகள். ஐந்து வயதில் நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகள் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் ஏழில் ஒருவருக்குத் தானாகவே நின்றுவிடும். அப்படிக் குறைந்து குறைந்து, பதின்வயதின் முடிவிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு நீடிக்கிறது. பேசப்படாததால் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நம்புகிறது. குழந்தை டயப்பர் இவர்களுக்குச் சிறிது, முதியோர் டயப்பர் பெரிது, அதைப் போட மனமும் இடம் தராது. 1994இல் கிம்பர்லி-கிளார்க் ‘குட்நைட்ஸ்’ என்ற இரவு உள்ளாடையைக் கொண்டுவந்தபோதுதான் இந்த வயதுக்கென்று ஒரு பொருள் பிறந்தது. பார்வைக்குச் சாதாரண ஜட்டி போல இருப்பதும், உடையின் கீழ் சத்தம் கேட்காததும் அதன் முக்கிய அம்சங்கள்.

அடுத்த ஆண்டே ஜப்பானில் யூனிசார்ம், பெரியவர்களுக்கான பேன்ட் வடிவ டயப்பரைக் கொண்டுவந்தது. அதன் பெயரில் ‘மறுவாழ்வுப் பயிற்சி’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். எழுந்து நடக்கக்கூடியவரைப் படுக்க வைத்து டேப் ஒட்டினால் அவர் படுத்தே போவார், தானே ஏற்றிப் போட்டுக்கொள்ளும் பேன்ட் அவரை எழுப்பி நிறுத்தும் என்பது அவர்களின் எண்ணம்.

பாக்கெட்டில் உள்ள எண்ணும் படுக்கையில் நடப்பதும்

கடை அலமாரியில் இன்று பார்க்கும் ஒவ்வொரு அம்சமும் மேலே சொன்ன ஏதோ ஒரு பழைய தொல்லைக்கு விடையாக வந்தது. ஆகவே இந்த வரலாற்றை அறிந்தவருக்குத் தேர்வும் எளிது.

முதலில் கொள்ளளவு. பல நாடுகளில் விற்கும் பாக்கெட்டுகளில் மில்லிலிட்டர் கணக்கோ, துளிப் படங்களோ இருக்கும். பெரும்பாலும் இதற்கு அடிப்படை 1996இல் சர்வதேசத் தரமாக்கப்பட்ட ‘ராத்வெல்’ சோதனை. டயப்பரை உப்பு நீரில் முழுக்க மூழ்க வைத்து, வடிய விட்டு, எடை போட்டு, எவ்வளவு குடித்தது என்று பார்ப்பார்கள். ஒரு டயப்பரை இன்னொன்றோடு ஒப்பிட இது நல்ல அளவு. ஆனால் தொட்டியில் எல்லாப் பக்கமும் நனைந்தது, உடம்பில் ஒரே இடத்தில்தான் நனையும். மேலே 60 கிலோ எடையும் அழுத்தும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவில் பாதியைத் தொடும் முன்பே கசிவு தொடங்கலாம். 1,000 மில்லி என்று போட்டிருப்பதை நம்பி இரவு முழுவதற்கும் விட்டால் போதாமல் போவது அதனால்தான். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். முதுமையில் இதன் பெரும்பங்கு இரவுக்கு நகர்ந்துவிடுவது உண்டு. ஆகவே இரவுக்கென்று தனியாக, பகலில் போடுவதைவிட அதிகக் கொள்ளளவு உள்ளதை வாங்க வேண்டும்.

இரண்டாவது வேகம். இதைப் பலர் யோசிப்பதில்லை. முதியவருக்குச் சொட்டுச் சொட்டாகக் கசியலாம். ஆழ்ந்து தூங்கும் பதின்வயதுப் பிள்ளைக்கோ 300, 400 மில்லி ஒரேயடியாக வெளியேறும். பொடி தண்ணீரைக் குடிக்கச் சற்று நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் வெள்ளம் தொடைப்பக்கம் ஓடிவிடும். இதைத் தடுக்கத்தான் மேலே வேகமாகப் பரப்பும் ஓர் அடுக்கும், தொடையோரம் எழும்பி நிற்கும் எலாஸ்டிக் மடிப்பும் இருக்கின்றன. மாட்டிய பிறகு விரலை விட்டு அந்த மடிப்பை நிமிர்த்திவிட வேண்டும். உள்ளே மடங்கிக் கிடந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒழுகும்.

மூன்றாவது அளவு. பெரிதாக இருந்தால் அதிகம் தாங்கும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அது தவறு. தொடையில் இடைவெளி விழுந்தால் ஒழுகும். டேப்பால் இடுப்பையும், புட்டத்தின் அகலமான பகுதியையும் அளந்து, எது கூடுதலோ அதற்கேற்ற அளவை வாங்குவது சரி. ஒல்லியான பதின்வயதினருக்குப் பெரியவர் அளவில் மிகச் சிறியது பொருந்துகிறதா, இளையோர் அளவு வேண்டுமா என்று இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

நான்காவது வடிவம். எழுந்து நடப்பவருக்குப் பேன்ட் மாடல். படுக்கையிலேயே இருப்பவருக்கு டேப் மாடல், அதை ஆடை முழுவதும் கழற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தே மாற்றிவிடலாம். ஒருக்களித்துத் தூங்குபவருக்குப் பக்கவாட்டுக் காப்பும், குப்புறப் படுப்பவருக்கும் ஆண்களுக்கும் முன்பக்கத்தில் கனமும் வேண்டும். உள்ளே கூடுதல் பட்டை வைப்பதாக இருந்தால், அடியில் பிளாஸ்டிக் இல்லாத, நீரைக் கீழே விடக்கூடிய பட்டையாகப் பார்க்க வேண்டும். சாதாரண நாப்கினை வைத்தால் அது நிறைந்து பக்கவாட்டில் வழியும், கீழே இருக்கும் டயப்பர் காய்ந்தே கிடக்கும்.

எவ்வளவு தாங்கினாலும் மலம் பட்டால் உடனே மாற்றியாக வேண்டும். விடிந்ததும் கழற்றி, மென்மையாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, தோல் சிவந்திருந்தால் துத்தநாகக் களிம்போ வாஸ்லினோ மெல்லியதாகத் தடவலாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வெளியுறை காற்றோட்டம் உள்ளதாக இருப்பது அவசியம். டாலஸ் கோடையில் குழந்தைகளுக்கு வந்த வேர்க்குரு, சித்திரை வெயிலில் தாத்தாவுக்கும் வரும்.

டயப்பர் தூக்கத்தைக் காக்கும், நோயைக் குணமாக்காது. நீரிழிவு, சிறுநீர்த் தொற்று, புராஸ்டேட் வீக்கம், தீராத மலச்சிக்கல், பிரசவத்துக்குப் பிந்தைய தசைத் தளர்ச்சி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பல மாதங்கள் உலர்ந்திருந்த பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்கினால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஈரத்துக்குப் பயந்து முதியவருக்குப் பகலில் தண்ணீர் கொடுக்காமல் நிறுத்துவது ஆபத்து.

நம் வீட்டு வாசலில்

2010களின் தொடக்கத்தில் யூனிசார்ம் ஜப்பானில் குழந்தை டயப்பரைவிடப் பெரியவர் டயப்பரைக் கூடுதலாக விற்றது. 2024இல் ஓஜி என்ற காகித நிறுவனம், ஜப்பான் சந்தைக்குக் குழந்தை டயப்பர் செய்வதையே நிறுத்திவிட்டுப் பெரியவர் டயப்பரில் கவனம் செலுத்தப்போவதாக அறிவித்தது. முதற்கட்டக் கணக்கின்படி 2023இல் அந்த நாட்டில் பிறந்த குழந்தைகள் 7,58,631 பேர் மட்டுமே.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போதே நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வீடு தேடிச் சென்று இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் கொடுக்கிறது. அந்தப் பணியாளர்கள் நுழையும் வீடுகளில் மெக்கின்டாஷும் மடித்த வேட்டியும் இன்றும் இருக்கின்றன. ஏழைக் குடும்பம் இரவுக்கு ஒரே ஒரு டயப்பர் வாங்குவதும் பாரம்தான். மருத்துவ டயப்பருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நாப்கினுக்கு 2018இலேயே முழு விலக்கு கிடைத்துவிட்டது. படுத்த படுக்கையாக இருப்பவரின் டயப்பருக்கும் அதே விலக்கைக் கேட்பது நியாயமானது.

கழற்றியதை எங்கே போடுவது என்ற கேள்வியும் நம் முன் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைச் சுகாதாரக் கழிவு என்று பெயர் சொல்லியே வகைப்படுத்தி, சுற்றிக் கட்டித் தர வேண்டும் என்றன. அதைத் தயாரிப்பவர்கள் சுற்றுவதற்கு உறை கொடுக்க வேண்டும் என்றும் கூறின. பழைய செய்தித்தாளில் பொதிந்து, ஒரு குறி இட்டுத் தனியாகக் கொடுத்தால், அதைக் கையால் தொட்டுப் பிரிக்க வேண்டிய தூய்மைப் பணியாளருக்கு அது பெரும் உதவி.

வீட்டில் யாருக்காவது இது தேவைப்பட்டால், கடைக்குப் போகும் முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். டேப்பை எடுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அதை அணியப்போகும் அப்பாவிடமோ, பாட்டியிடமோ, பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடமோ, அறைக் கதவைச் சாத்திவிட்டு, எது அவர்களுக்குச் சௌகரியம் என்று கேளுங்கள்.